பொம்மர் எடுக்காத கால்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில இடங்களில் எனக்கே விளங்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழைகளை அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து கதைப்பதும் எனக்கு வராது. இந்த விஷயத்தில் மட்டும் கதைத்துப் பார்த்தேன். எடுபடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். எங்கள் ஆட்களுக்குக் கடல்தான் தொழில். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன். அதனால் மீன் லொறியில் வேலைக்குப் போய், அதிலேயே ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, கொழும்புக்கு ஐஸ் மீன் ஏற்றிப் போய்வந்தேன். தொண்ணூறில் சண்டை தொடங்கியதும் கரையை விட்டுத் தண்ணீரூற்றுக்கு வந்தோம். பாதை பூட்டியதோடு லொறி கொழும்புப் பக்கத்தில் நின்றுவிட்டது. கையில் மிஞ்சியது லைசென்ஸ் மட்டும்.

தண்ணீரூற்றுக்குப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் பழைய பஸ் ஒன்றும் வைத்திருந்தார். அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வோம். அவருடைய பஸ்ஸை நான் ஓட்டினேன். காலையில் தண்ணீரூற்றில் வெளிக்கிட்டால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி தாண்டிப் புளியங்குளம். அங்கே இறங்கும் சனம் சைக்கிளிலும் நடையிலுமாக வவுனியாப் பக்கம் போகும். சோதனைச் சாவடி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் பயணம் வீண். அதனால் சனம் பஸ்ஸில் ஏறும்போதே அவசரத்தோடுதான் ஏறும். உள்ளே இடம் இல்லாவிட்டால் கூரையில் ஏறும். கூரையில் சைக்கிள், சைக்கிளுக்கு மேல் நெல் மூட்டை, மூட்டைக்கு மேல் மனிதர்.

டீசல் கிடையாது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஓடினோம். பஸ் போன பிறகும் வீதியில் வடை சுட்ட மணம் நிற்கும். ஒட்டுசுட்டான் சந்தியில் நிற்கிற பெடியள், "அண்ணை, எனக்கு ரெண்டு வடை" என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டு போவேன்.

எரிபொருளுக்கு ஒரு மாற்று இருந்தது. பிரேக் ஒயிலுக்கு மாற்று இல்லை. அது அரசாங்கம் வன்னிக்குள் வரவிடாத சாமான்களில் ஒன்று. பிரேக்குக்கு உள்ளே இருக்கும் றப்பரும் தேய்ந்துபோய் ஒயிலைக் கசியவிட்டது. இருந்த ஒயில் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றும்படி முதலாளி சொன்னார். ஊற்றினோம். காலையில் இரண்டு மூன்று தரம் பிடிக்கும். பிறகு சூடேறித் தண்ணீர் ஆவியாகிவிடும். மிதித்தால் கால் வெறுமனே பலகை வரைக்கும் போகும், பஸ் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். கை பிரேக் கம்பி அறுந்து எவ்வளவோ காலம். ஆகவே கியரைக் குறைத்துக் குறைத்து வேகத்தை அடக்கி, கடைசியில் கொண்டக்டர் கட்டை போட்டுத்தான் நிறுத்தினோம்.

கட்டை போடுவது என்றால் இதுதான். ஆப்பு மாதிரிச் செதுக்கிய முதிரைக் கட்டை ஒன்று பின்வாசலில் கிடக்கும். பஸ் நடைவேகத்துக்கு வந்ததும் கொண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு குதிப்பார். பஸ்ஸோடு ஓடி, பின்சில்லுக்கு முன்னால் கட்டையை வைத்துவிட்டுக் கையையும் காலையும் இழுத்துக்கொள்ள வேண்டும். சில்லு கட்டையில் ஏறி, திமிறி, நிற்கும். சனமெல்லாம் ஒருதரம் முன்னால் சரிந்து பின்னால் வரும்.

கொண்டக்டர் என்னை விட இளையவர். அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு குளத்துக்குக் கீழே காணி எடுத்து வயல் செய்தவர்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள். நல்ல வாய்க்காரர். நான் கதைக்காததை எல்லாம் சேர்த்து அவர்தான் கதைப்பார். கட்டையோடு குதிக்கும்போது, "பிரேக் இறங்குது, விலத்துங்கோ!" என்று கத்துவார். சனம் சிரிக்கும். கிழவிமார் அவரைப் "பிரேக்குத் தம்பி" என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பெருமைதான். எனக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் கண்ணாடியில் அவருடைய முதுகு மறையும் கணத்தில் நெஞ்சு நின்றுதான் பிறகு அடிக்கும். சில்லுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கட்டை மட்டும்தான். சிரித்த சனத்துக்கு அது தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும்.

ஒருநாள் நெடுங்கேணிக்கு இந்தப் பக்கம் விறகு கட்டிய சைக்கிளோடு ஒருவர் வீதியின் குறுக்கே வந்தார். மிதித்தேன். கால் பலகையில் இடித்தது. கியரைக் குறைத்தேன், கொண்டக்டர் குதித்தார், கட்டையை வைத்தார். முதல் நாள் மழை. கட்டை ஈரக் கிரவல் மண்ணில் வழுக்கிச் சில்லோடு சேர்ந்து ஓடியது. கொண்டக்டர் வீதியோரத் தண்ணிக் கான் பக்கமாக விழுந்து உருண்டார். பஸ் விறகுக் கட்டில் முட்டி நின்றது. சைக்கிள்காரர் அதற்கு முன்பே பாய்ந்துவிட்டதால் தப்பினார். என் கொண்டக்டர் எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு, "பிரேக்குக்கு ஒண்டுமில்லை, கொஞ்சம் சேறு மட்டும்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. விறகுக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, "மனிசரைக் கொல்லவோடா பஸ் விடுறியள்?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் நியாயம்.

அன்று திரும்பி வந்ததும் நேரே ஆலைக்குப் போனேன். முதலாளி கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முன்னால் வசனம் வராது. வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"முதலாளி, பிரேக் இல்லாமல் இனி நான் ஓடமாட்டன். ஒயிலும் றப்பரும் வரட்டும். அதுவரைக்கும் பஸ் நிக்கட்டும்."

அவர் இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "நீ என்ன பிளேனே ஓட்டுறாய்? மண் றோட்டில நடக்கிற வேகத்தில ஒரு பஸ். அதுக்குப் பிரேக் வேணுமாம்."

"கட்டை இண்டைக்கு வழுக்கிப் போச்சு. கொண்டக்டர் சில்லுக்குள்ள போயிருப்பார்."

"போகேல்லைத்தானே?" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். ஆலையில் நெல் குற்ற வந்திருந்தவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. "தம்பி, மேல பொம்மர் குண்டோட சுத்துது. நீ கீழ பிரேக்குக்குப் பயப்பிடுறாய். இந்தச் சனத்துக்கு என்னை விட்டா ஆர் பஸ் விடுறான்? வருத்தக்காரர், பிள்ளைத்தாச்சியள் எல்லாரும் உன்ர பயத்துக்காக றோட்டில நிக்கிறதோ?"

நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆலைக்குப் பின்னால் படங்கு போட்டு மூடியபடி அவருடைய கார் நின்றது. அதில் பிரேக் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். போன கிழமை அதை நகர்த்தி விட்டவன் நான்தான். ஒரு போத்தல் ஒயில் அதன் சீற்றுக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்ததையும் கண்டேன்.

"கார் சீற்றுக்குக் கீழ ஒரு போத்தல் கிடக்குது" என்றேன்.

வெற்றிலையைத் துப்பினார். "அது வீட்டு அவசரத்துக்கு. உனக்கு ஏலாதெண்டா சொல்லு. ஸ்டியரிங் பிடிக்க ஆள் வரிசையில நிக்குது."

"எனக்கு ஏலாது" என்று சொல்லிப் பஸ்ஸைக் கிளப்பும் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கொண்டக்டர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சைக்கிளைச் சாத்தாமலே கத்தத் தொடங்கினார்.

"அண்ணை, என்ன வேலை செய்துபோட்டு வந்திருக்கிறியள்? பஸ் நிண்டா என்ர வீட்டில அடுப்பும் நிக்கும். தெரியுமோ?"

"உம்மட காலுக்காகத்தான் சொன்னனான்" என்றேன்.

"என்ர கால், என்ர கட்டை. உங்களிட்ட ஆர் கேட்டது? நான் வைக்கிற கட்டையில உங்களுக்கு நம்பிக்கை இல்லை, அதுதானே?"

என் மனுசி தேத்தண்ணீர் கொண்டுவந்தா. அவர் வாங்கவில்லை. "அக்கா, உங்கட மனுசனுக்குப் பயம். பயமெண்டு சொன்னா முடிஞ்சுது. ஏன் அதுக்கு என்ர காலைச் சாட்டுறார்?" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுசி கோப்பையோடு நின்று என்னைப் பார்த்தா. "அவன் சொல்லுறதிலயும் என்ன பிழை?" என்று கேட்டா. அரிசிப் பானையை அவாதான் தினமும் பார்க்கிறவா.

பஸ் இரண்டு நாள்தான் நின்றது. பிறகு உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை முதலாளி பிடித்துவிட்டார். நான் நந்திக்கடலில் இறாலும் திரளி மீனும் வாங்கிச் சைக்கிளில் வைத்து முள்ளியவளைப் பக்கம் விற்கத் தொடங்கினேன். பஸ் என்னைத் தாண்டிப் போகும். கூரையில் இருந்து யாராவது, "அண்ணை, சைக்கிளுக்குப் பிரேக் இருக்கோ?" என்று கத்துவார்கள். வாசலில் தொங்கிக்கொண்டு போகும் கொண்டக்டரும் சிரிப்பார். மீன் வாங்க வருகிற பெண்களுக்குக்கூட அந்தக் கதை தெரிந்திருந்தது. "பயந்த மனுசனாம், மீன் நல்ல மீன்தானோ?" என்று ஒருத்தி கேட்டா.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கே சந்தேகம் வந்தது. முதலாளி சொன்னது சரியோ, இந்த மண் றோட்டுக்கு நான்தான் பெரிதாகக் கணக்குப் பார்த்தேனோ என்று யோசித்தேன்.

மாரி தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டி ஒரு குளக்கட்டால் இறங்கிக்கொண்டிருக்கும்போது அரசாங்க விமானப்படையின் பொம்மர் சத்தம் கேட்டிருக்கிறது. அந்த நாட்களில் வன்னியில் பஸ் ஓட்டுகிற எவருக்கும் இதில் ஒரு முறை உண்டு. சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். சனம் இறங்கி ஓடிப் பற்றைக்குள் குப்புறப் படுக்கும். ஓடுகிற பஸ் மேலே இருந்து நன்றாகத் தெரியும் என்பது எங்கள் பயம். நல்ல பிரேக் இருந்தால் நிறுத்தும் இடத்தை நாமே பார்த்து நிறுத்தலாம். பிரேக் இல்லாத பஸ்ஸை இறக்கத்தில் வைத்து எப்படி நிறுத்துவது? உள்ளே சனம் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று குளறியது. உழவு மெசின்காரர் பதறிப்போய்க் கியரைக் குறைக்கப் பார்த்தார், கியர் விழவில்லை. சனம் ஓடுகிற பஸ்ஸில் இருந்தே குதிக்கத் தொடங்கியது. கொண்டக்டர் கட்டையோடு குதித்தார்.

அவர் கட்டையை வைத்தார். பஸ் நடைவேகத்தில் இல்லை. சில்லு கட்டையில் ஏறி, கட்டையைத் தாண்டி, அவருடைய வலது காலிலும் ஏறியது. பஸ் குளக்கட்டு மரம் ஒன்றில் மோதித்தான் நின்றது.

பொம்மர் எங்கள் பக்கத்தில் எதையும் போடவில்லை. மேலால் போய்விட்டது. தூரத்தில் எங்கேயோ குண்டுச் சத்தம் கேட்டதாம். பற்றைக்குள் முகம் குப்புறக் கிடந்த சனம் எழும்பிப் பார்த்தபோது பஸ் மரத்தில் மோதிக் கிடக்கிறது, கொண்டக்டர் இரத்தத்தில் கிடக்கிறார். தலையில் கையை வைத்துக்கொண்டு கிடந்தவர்களுக்குச் சில்லு ஏறியது தெரியாது. பொம்மர் வந்தது தெரியும், இரத்தம் தெரியும். இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிப் போகும்போதே கதை முடிவாகிவிட்டது. பொம்மர் அடித்துப் பஸ் கொண்டக்டருக்குக் கால் போய்விட்டதாம்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பக்கத்தில் இருந்த அவருடைய மனுசி தண்ணீர் எடுக்கப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணை, கட்டையைத் தாண்டி ஏறிட்டுது."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "பொம்மர் எண்டுதானே சொல்லினம்?"

"பொம்மர் வந்ததுதான். ஆனா கால் எடுத்தது எங்கட பஸ்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உழவு மெசின்காரர் என்ன செய்தார், கியர் எப்படி விழாமல் போனது என்று கொண்டக்டரே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதலாளி ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு வந்தார். என்னைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு நான் இல்லாதது போலவே கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு கொண்டக்டரோடு கதைத்தார்.

"தம்பி, சனமே பொம்மர் எண்டுதான் சொல்லுது. நீ மாத்திச் சொல்லாதை. பஸ் ஏறிப் போன காலுக்கு ஆர் உதவி செய்யப் போறாங்கள்? பொம்மர் அடிச்ச காலெண்டா நாலு இடத்தால உதவி வரும், பொய்க்கால் போட்டு விடுவாங்கள். பஸ்ஸெண்டு சொன்னா விசாரணை, பஸ்ஸைப் பூட்டி வைப்பாங்கள். ஆருக்கு லாபம், சொல்லு?"

கொண்டக்டர் என்னைப் பார்த்தார். வாய்க்காரர், ஊரையே சிரிக்கவைத்தவர், அன்றைக்கு என் வாயை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "ஒரு போத்தல் ஒயில் ஊத்தியிருந்தா இந்தக் கால் இருந்திருக்கும், முதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே, "ஓடுறதுக்குப் பயந்தவைக்கும் இப்ப வாய் வந்திட்டுது" என்றார். உரித்த பழத்தைக் கொண்டக்டரின் கையில் வைத்தார். அவர் அதைத் தின்றார்.

நான் விடவில்லை. கிராமத்தில் பொறுப்பான ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப பொம்மர் அடிக்கேல்லை எண்டு சொல்ல வாறீரோ?" என்று கேட்டார்.

"அண்டைக்கு அந்த இடத்தில அடிக்கேல்லை."

"கவனமாக் கதையும். இந்த நேரத்தில ஆமிக்காகக் கதைக்கிற ஆள் எண்டு நினைப்பினம்."

அதோடு என் வாய் மூடியது. பொம்மர் எங்களுக்குச் செய்தது கொஞ்சமா? என் சொந்தத்திலேயே அதற்குப் பலியானவர்கள் உண்டு. அதன் மேல் பழி போடுவது யாருக்கும் கஷ்டமான வேலை இல்லை. அதனால்தான் ஒரு முதலாளி தன்னுடைய பழியையும் சத்தமில்லாமல் அதற்குள் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. குண்டு மழைக்குள்ளும் சனத்துக்காகப் பஸ் விட்ட பெருமனிதர் என்று அவருக்கு மாலை போட்டார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். பஸ்ஸின் முகப்பை நிமிர்த்தி, வேறு ஒரு மனிதரைக் கட்டைக்கு வைத்துக்கொண்டு, அந்த மாதமே பஸ் திரும்ப ஓடியது. சவர்க்காரத் தண்ணீர்தான்.

சண்டை புளியங்குளத்துக்கு வந்தபோது அந்த ஓட்டம் நின்றது. முதலாளி குடும்பத்தோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. நல்லாக இருக்கிறாராம். உழவு மெசின்காரர் எங்கே என்று தெரியாது. நாங்கள் இரண்டு தரம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தோம்.

இந்த வருடம் ஒருநாள் மீன் கொண்டு போகிற வழியில் கொண்டக்டரின் வீட்டைத் தேடிப் போனேன். பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு முற்றத்தில் இருந்து பனையோலையில் கடகம் இழைத்துக்கொண்டிருந்தார். மூத்த பெட்டை பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நின்றாள். "அப்பான்ர கால் பொம்மர் அடிச்சுப் போனது, மாமா. நான் பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினனான்" என்றாள். அவர் தலையைக் குனிந்து ஓலையை இழுத்தார்.

அவள் போன பிறகு நான் எழுதப் போவதைச் சொன்னேன். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏன் அண்ணை? அந்தாள் வாசிச்சு அழப் போறாரோ?"

"இல்லை. நடந்தது நடந்தபடி ஒரு இடத்தில கிடக்கட்டும்."

"பொம்மர் அடிச்ச காலெண்டா மரியாதை. வரிசையில முன்னுக்கு விடுறாங்கள். கட்டை போடப் போய் நசிஞ்ச காலெண்டா மடையன். எனக்கு இருக்கிறது அந்த மரியாதை ஒண்டுதான். அதையும் எடுக்கப் போறியளோ?"

எழும்பிச் சைக்கிளை எடுத்தேன். வேலிப் படலையடிக்குப் போனதும் பின்னால் கூப்பிட்டார்.

"எழுதுறதெண்டா எழுதுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ. என்ர பிள்ளையள் வாசிப்பினம்."

அதனால் அவருடைய பெயரைப் போடவில்லை. அவருடையதைப் போட்டால்தானே மற்றவருடையதைப் போடலாம்? முதலாளியின் பெயரும் அதோடு தப்பிவிட்டது. என் பெயரும் வேண்டாம்.

2001 ஆவணி 19, ஞாயிற்றுக்கிழமை.